சீழில் கிடைத்த பொக்கிஷம் – விஞ்ஞானி ஃபிரெடரிக் மீஷர் (1844–1895)



டி.என்.ஏ. என்றதும் யார் பெயர் ஞாபகம் வரும்? வாட்சன், கிரிக் என்று எல்லோரும் டக்கென்று சொல்லிவிடுவோம். அவர்கள் 1953-ல் சொன்னது டி.என்.ஏ.வின் வடிவத்தைத்தான். அந்தப் பொருளையே முதன்முதலில் பிரித்தெடுத்தவர் வேறு ஒருவர். அதுவும் 1869-ல், அதாவது 84 வருடம் முன்னாடியே! அவர்தான் சுவிட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானி ஃபிரெடரிக் மீஷர். பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் இவருக்கு ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். ஆகவே இந்த இதழில் இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இவரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்றைய விஞ்ஞானிகள் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டையும் வைத்துத் திரவம் போன்ற புதுப்புதுப் பொருள்களை உண்டாக்குகிறார்கள். தேன் மாதிரி மெதுவாக ஓட வேண்டுமா, எண்ணெய் மாதிரி வேகமாக ஓட வேண்டுமா, எந்தச் சூட்டில் கரைய வேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துச் செய்கிறார்கள். உப்பு, குளிர், எதிரெதிர் மின்சுமை – இவைதான் அவர்களுடைய முக்கியமான கருவிகள். இவற்றோடு எல்லாம் முதன்முதலில் மல்லுக்கட்டியவர் நம்ம மீஷர்தான்!

காது கேட்காத டாக்டர்

மீஷர் 1844 ஆகஸ்ட் 13 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்தார். அந்த ஊர் ரைன் நதிக்கரையில் இருக்கிறது. அப்பா மருத்துவப் பேராசிரியர். தாய்மாமா வில்ஹெல்ம் ஹிஸ்ஸும் பெயர் பெற்ற உடற்கூறு விஞ்ஞானி. வீட்டில் சாப்பிடும்போதுகூட அறிவியல் பேச்சுதான் ஓடுமாம்.

மீஷரும் மருத்துவம் படித்து 1868-ல் டாக்டர் ஆனார். ஆனால் ஒரு குறை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. நோயாளியின் நெஞ்சில் குழாய் வைத்து இதயத் துடிப்பைக் கேட்க வேண்டிய தொழிலில் இது எவ்வளவு பெரிய கஷ்டம், யோசித்துப் பாருங்கள். வேறு யாராக இருந்தாலும் மனசு உடைந்து போயிருப்பார்கள். உடம்பின் இரகசியங்கள் எல்லாம் கடைசியில் வேதியியலில்தான் போய் முடியும் என்று மாமா அடிக்கடி சொல்லுவார். அதைக் கேட்டு மீஷர் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார். மருத்துவமனை ஒரு டாக்டரை இழந்தது, உலகத்துக்கு ஒரு விஞ்ஞானி கிடைத்தார்.

கோட்டைச் சமையலறையில் ஆய்வுக்கூடம்

அவர் போய்ச் சேர்ந்த இடம் ஜெர்மனியின் டூபிங்கன் நகரம். அங்கே ஹோப்பே சைலர் என்ற புகழ்பெற்ற பேராசிரியர் இருந்தார். நம் இரத்தத்தின் சிவப்புப் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர் வைத்தவர் இவர்தான். இவருடைய ஆய்வுக்கூடம் மலைமேல் இருந்த ஒரு பழைய கோட்டைக்குள் இருந்தது. மீஷருக்குக் கிடைத்தது அந்தக் கோட்டையின் பழைய சமையலறை!

ஒரு செல் எந்தெந்த இரசாயனப் பொருள்களால் ஆனது என்று கண்டுபிடிப்பதுதான் மீஷரின் வேலை. அதற்கு நிறைய செல்கள் வேண்டும். எல்லாம் ஒரே வகையாகவும் இருக்க வேண்டும். வெள்ளை அணுக்கள் இதற்குப் பொருத்தமாகத் தெரிந்தன. ஆனால் அவ்வளவு வெள்ளை அணுக்களுக்கு எங்கே போவது?

அவர் கண்டுபிடித்த வழியைக் கேட்டு யாரும் மூக்கைப் பிடிக்காதீங்க. பக்கத்து அறுவை சிகிச்சை மருத்துவமனையில் தூக்கிப் போடும் கட்டுத்துணிகளை வாங்கி வந்தார். கிருமிநாசினி பழக்கத்துக்கு வராத காலம் அது. புண்களில் சீழ் நிறையப் பிடிக்கும். சீழ் முழுவதும் வெள்ளை அணுக்கள்தான். நாற்றம் அடிக்கும் துணிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கெட்டுப் போகாத சீழாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார். பலரும் தொடவே அருவருப்புப்படும் பொருள் அவருக்கு ஆராய்ச்சிப் பொருளாக மாறியது.

உப்பு செய்த வேடிக்கை

துணியில் ஒட்டியிருக்கும் செல்களை உடையாமல் கழுவி எடுக்க வேண்டும். இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. பலவிதமான உப்புக் கரைசல்களில் கழுவிப் பார்த்தார். சாதாரண உப்புக் கரைசலில் போட்டால் செல்கள் ஊதிப்போய், எல்லாம் சேர்ந்து கொழகொழ என்று ஆகிவிட்டது. வெண்டைக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டால் வருமே, அந்த மாதிரி வழவழப்பு. வடிகட்டவும் முடியாது, ஊற்றவும் முடியாது. கடைசியில் சோடியம் சல்ஃபேட் கரைசல் கைகொடுத்தது. அதில் செல்கள் உடையாமல் அழகாக அடியில் படிந்தன.

அந்த வழவழப்பு ஏன் வந்தது? இன்று நமக்குக் காரணம் தெரியும். டி.என்.ஏ. மிக மிக நீளமான நூல். அதன் முதுகெலும்பு நெடுகப் பாஸ்பேட் இருக்கிறது. அதனால் நூல் முழுவதும் எதிர்மின்சுமை. நேர்மின்சுமை உள்ள புரதங்கள் அதைச் சுற்றிப் பிடித்துச் சுருட்டி வைத்திருக்கின்றன. தகுந்த அளவு உப்பு சேர்ந்தால் அந்தப் பிடி தளர்ந்து விடும். உடனே நூல் பிரிந்து, தண்ணீரில் பரவி, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதுதான் அந்த வழவழப்பு. மீஷரைத் திண்டாட வைத்தது உண்மையில் அவர் தேடாமலே கிடைத்த டி.என்.ஏ.தான்!

அடுத்து, செல்லின் உட்கருவை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். பன்றியின் இரைப்பையிலிருந்து பெப்சின் என்ற செரிமான நொதியை எடுத்து, அமிலத்தோடு சேர்த்துச் செல்களின் மேல் ஊற்றினார். வெளியே இருந்த புரதம் எல்லாம் செரித்துப் போனது. ஈதர் விட்டுக் கொழுப்பை நீக்கினார். அடியில் உட்கருக்கள் மட்டும் தூள் மாதிரி தங்கின. அதைக் காரத்தில் கரைத்து, பிறகு அமிலம் விட்டால் வெள்ளையாகத் திரிந்து வந்தது. மறுபடி காரம் விட்டால் மறுபடி கரைந்தது. எந்தப் புரதமும் இப்படி நடந்துகொண்டதாக அவர் படித்ததில்லை.

எரித்துச் சோதித்துப் பார்த்தார். பாஸ்பரஸ் ஏராளமாக இருந்தது. பெப்சினும் அதைச் செரிக்கவில்லை. ஆக, இது புரதமே இல்லை, புது வகைப் பொருள் என்று முடிவுக்கு வந்தார். உட்கருவில் இருந்து வந்ததால் நியூக்ளின் என்று பெயர் வைத்தார். 1869 பிப்ரவரி 26 அன்று மாமாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பொருளைப் பற்றித் தெரிவித்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 24. நம்ம ஸ்கூலுக்கு டீச்சிங் பிராக்டிஸ் வரும் அண்ணன், அக்காக்களை விட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும்!

இரண்டு வருடக் காத்திருப்பு

1869 இலையுதிர் காலத்தில் மீஷர் லைப்சிக் நகருக்குப் போனார். அங்கே உட்கார்ந்து கட்டுரையை எழுதி முடித்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் பேராசிரியருக்கு அனுப்பினார். ஆனால் ஹோப்பே சைலர் உடனே வெளியிடவில்லை. மாணவன் சொல்வது உலகத்துக்கே புதுசு, தப்பாக இருந்தால் ஆய்வுக்கூடத்தின் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தார். எல்லாச் சோதனைகளையும் தானே ஒருமுறை செய்து பார்த்தார். இடையில் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போர் வேறு வந்துவிட்டது. கட்டுரை 1871-ல்தான் அச்சில் வந்தது.

யாராவது முந்திக்கொண்டு விடுவார்களோ என்று மீஷருக்குக் கவலை இருந்தது. ஆனாலும் பேராசிரியர் செய்ததைக் குறை சொல்லிவிட முடியாது. சோதித்துப் பார்த்து உறுதி செய்ததால்தான் நியூக்ளின் உண்மை என்று மற்றவர்கள் நம்பினார்கள்.

ரைன் நதியின் சால்மன் மீன்கள்

சொந்த ஊருக்குத் திரும்பிய மீஷர், முப்பது வயது ஆவதற்கு முன்பே, 1872-ல் பாசல் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியர் ஆனார். இங்கே சீழுக்குப் பதில் அவருக்கு இன்னும் நல்ல பொருள் கிடைத்தது. சால்மன் மீன்கள் கடலில் வாழ்ந்தாலும் இனப்பெருக்கத்துக்காக ரைன் நதியில் எதிர்நீச்சல் போட்டு வரும். பாசலில் அந்த மீன்பிடித் தொழில் நன்றாக நடந்தது. ஆண் மீனின் விந்தணுவில் தலை கிட்டத்தட்ட முழுவதும் உட்கருதான். ஆகவே நியூக்ளின் அதில் அள்ள அள்ளக் கிடைக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. சூடு பட்டால் நியூக்ளின் கெட்டுவிடும். அப்போது ஃபிரிட்ஜ் ஏது? மீஷர் என்ன செய்தார் தெரியுமா? குளிர்காலத்தில், விடியற்காலையிலேயே, ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டு, கணப்பு மூட்டாத அறையில் நின்று மணிக்கணக்காக வேலை செய்தார். நம்ம ஊரில் மார்கழிக் குளிருக்கே ஸ்வெட்டர் தேடுகிறோம். அது சுவிட்சர்லாந்துக் குளிர்!

இந்த உழைப்புக்குப் பலன் கிடைத்தது. விந்தணுத் தலையில் நியூக்ளின் தனியாக இல்லை, காரத்தன்மை உள்ள இன்னொரு பொருளோடு உப்பு மாதிரி சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்தப் பொருளுக்குப் புரோட்டமின் என்று பெயர் வைத்து 1874-ல் எழுதினார். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு. எதிர்மின்சுமையும் நேர்மின்சுமையும் சேர்ந்தால் பிணைப்பு. அவ்வளவு நீளமான டி.என்.ஏ. நூல் ஒரு குட்டி விந்தணுத் தலைக்குள் எப்படி அடங்குகிறது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

(உங்களுக்குத் தெரியுமா? இதய அறுவை சிகிச்சையின்போது இரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் என்ற மருந்து கொடுப்பார்கள். சிகிச்சை முடிந்ததும் அதை முறிக்கக் கொடுக்கும் மருந்தின் பெயர் புரோட்டமின் சல்ஃபேட். மீஷர் மீனில் கண்டுபிடித்த அதே வகைப் பொருள்தான்! ஹெபாரினும் எதிர்மின்சுமை உள்ளது. அதனால் புரோட்டமின் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.)

பக்கத்தில் வந்தும் தொடவில்லை

அப்பா, அம்மாவின் சாயல் பிள்ளைக்கு எப்படி வருகிறது? இந்தக் கேள்வியை மீஷரும் யோசித்தார். கருத்தரிப்புக்கு ஒரே ஒரு பொருள்தான் காரணம் என்று இருந்தால், முதலில் நியூக்ளினைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று 1874-லேயே எழுதினார். ஆனால் விதவிதமான உயிரினங்களை உண்டாக்கும் அளவுக்கு நியூக்ளினில் வித்தியாசம் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. அதனால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டார். பல வருடம் கழித்து, 1892-ல் மாமாவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், சில எழுத்துகளை வைத்தே ஒரு மொழியின் எல்லாச் சொற்களையும் எழுதுவது போல, பெரிய மூலக்கூறுகளுக்குள் பரம்பரைச் செய்தி அடங்கியிருக்கலாம் என்று விளக்கினார். எவ்வளவு சரியான யோசனை! ஆனால் அப்போது அவர் மனசில் இருந்தவை புரதம் போன்ற பொருள்கள்தான். விடையைக் கையில் வைத்துக்கொண்டே வேறு இடத்தில் தேடினார் பாருங்கள், அதுதான் வருத்தம்.

மற்ற வேலைகளும் அவரை விடவில்லை. நாம் மூச்சு விடும் வேகத்தை முக்கியமாகத் தீர்மானிப்பது இரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு என்று 1885-ல் காட்டினார். அதே வருடம் பாசலில் வெசாலியானம் என்ற உடற்கூறு, உடலியங்கியல் நிறுவனத்தைத் திறந்தார். சிறைச்சாலைகளில் கைதிகளுக்கு என்ன உணவு கொடுக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். தூக்கம் குறைந்தது, உழைப்பு கூடியது. கடைசியில் காசநோய் வந்தது. டாவோஸ் என்ற மலை ஊரில் சிகிச்சை பெற்றும் பலன் இல்லாமல் 1895 ஆகஸ்ட் 26 அன்று காலமானார். வயது 51தான்.

இன்னும் ஒருமுறை சரிபார்ப்போம், இன்னும் சுத்தமாக எடுப்போம் என்று நினைத்து, அவர் தன் வேலையில் நிறைய பகுதியை வெளியிடாமலே வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு தாய்மாமா ஹிஸ்தான் கடிதங்களையும் கட்டுரைகளையும் திரட்டி 1897-ல் புத்தகமாகக் கொண்டு வந்தார். மருமகன் செய்த வேலையின் மதிப்பு வருங்காலத்தில்தான் தெரியும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. நியூக்ளினுக்கு நியூக்ளிக் அமிலம் என்ற பெயரை 1889-ல் ஆல்ட்மான் வைத்திருந்தார். பரம்பரைச் செய்தியைக் கொண்டு போவது டி.என்.ஏ.தான் என்று 1944-ல் ஏவரி குழுவினர் காட்டினார்கள்.

இன்று நடப்பது என்ன?

2009-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், ஒரு குட்டிப் புழுவின் கருவில் ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த துளிகளைப் பார்த்தார்கள். அவை கெட்டி உருண்டைகள் இல்லை. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி, பெரிய துளி ஆகின, வழிந்து ஓடின. செல்லே இப்படித் திரவத் துளிகளைச் செய்து பயன்படுத்துகிறது என்றால், நாமும் செய்யலாமே என்ற ஆர்வம் பல ஆய்வுக்கூடங்களில் வளர்ந்தது.

எப்படிச் செய்கிறார்கள்? நம் மைதானத்தில் மாணவர்கள் கைகோத்து விளையாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கைதான் இருந்தால் நீளமான வரிசைதான் வரும். மூன்று கை, நான்கு கை இருந்தால்? எல்லாப் பக்கமும் கோத்து ஒரு வலையே ஆகிவிடும். டி.என்.ஏ. இழைகளைச் சேர்த்து இப்படி மூன்று, நான்கு கை உள்ள நட்சத்திரங்களைச் செய்கிறார்கள். ஒவ்வொரு கை நுனியிலும் சில எழுத்துகள் ஜோடி சேராமல் நிற்கும். அவைதான் விரல்கள். அவை அடுத்த நட்சத்திரத்தின் விரல்களைப் பிடிக்கும். பிடி லேசானது, அதனால் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும். எல்லோரும் சேர்ந்தே இருப்பார்கள், ஆனால் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதுதான் திரவம்!

இப்போது விருப்பம் போல மாற்றலாம். விரல்கள் நீளமானால் பிடி இறுகும், துளி மெதுவாக ஓடும், கரைக்க அதிகச் சூடு வேண்டும். கைகளின் எண்ணிக்கையை மாற்றினால் குணம் மாறும். உப்பைக் கூட்டினால் எதிர்மின்சுமைகளின் விலக்கல் குறைந்து பிடி பலப்படும். எழுத்துகளை மாற்றி எழுதினால் இரண்டு வகைத் துளிகள் எண்ணெயும் தண்ணீரும் போல ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். இதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2020-ல் செய்து காட்டினார்கள். ஆர்.என்.ஏ.விலும் இதே மாதிரி நட்சத்திரத் துளிகள் வந்துவிட்டன.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு மீஷரின் புரோட்டமினையே ஞாபகப்படுத்துகிறது. நேர்மின்சுமை உள்ள சின்னப் புரத இழைகளோடு ஒற்றை இழை டி.என்.ஏ.வைச் சேர்த்தால் திரவத் துளிகள் வந்தன. இரட்டை இழையைச் சேர்த்தால் திடமான வீழ்படிவு வந்தது. இரட்டை இழை விறைப்பானது, மின்சுமையும் நெருக்கமாக இருக்கும். அதனால் பிணைப்பு இறுகிவிடுகிறது. ஆனால் போதுமான அளவு உப்பு சேர்த்தால் அந்தத் திடமும் துளியாக இளகியது. அதே உப்பு! மீஷரைத் தொல்லை பண்ணிய குணம் இன்று வேண்டுமென்றே பயன்படுத்தும் குணமாக மாறிவிட்டது. மருந்தைச் சுமந்து போகும் துளிகள், செயற்கைச் செல்கள் என்று பல நோக்கங்களோடு ஆராய்ச்சி நடக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

சோதனை கெட்டுப் போனால் நாம் கொட்டிவிட்டுப் போய்விடுவோம். மீஷர் எந்த உப்பில் என்ன ஆனது என்று ஒவ்வொன்றையும் கவனித்தார். காது கேட்கவில்லை, வசதி இல்லை, எடுத்த பொருளோ சீழ் – இவை எதுவும் அவருக்குச் சாக்காக இல்லை. இது நாம் பின்பற்ற வேண்டியது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவர் இன்னும் கொஞ்சம் அதிகமாக வெளியிட்டிருந்தால், டி.என்.ஏ.வை அவர் பெயரோடு சேர்த்தே உலகம் படித்திருக்கலாம். கண்டுபிடிப்பது பாதி வேலை, மற்றவர்களுக்குச் சொல்வது மீதிப் பாதி. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை, இந்தச் சுவரில் இடம் இருக்கிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம்: நன்றாகப் பழுத்த வாழைப்பழம் பாதியை மசித்து, ஒரு டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் ஷாம்பு சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். நுரை வரக்கூடாது. பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, ஐஸில் வைத்துக் குளிர்ந்த ஸ்பிரிட்டைக் கிளாஸின் ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் வெள்ளை நூல் போல மிதந்து வருவதில் டி.என்.ஏ. இருக்கிறது. ஸ்பிரிட் சீக்கிரம் தீப்பிடிக்கும். ஆகவே அறிவியல் ஆசிரியர் முன்னிலையில், ஆய்வகத்தில் மட்டும் செய்யவும். உப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, என்ன மாற்றம் வந்தது என்று எழுதி ஆசிரியர் குழுவிடம் கொடுங்கள். அடுத்த இதழில் போடுவோம்.